ஜெபமொட்டையில் தீ

மார்ச் 2, திங்கள்

வேலையில் சேர்ந்து பதினைந்து நாள் ஆகிறது. இன்றுதான் மேசை இழுப்பறையின் சாவி கிடைத்தது. உள்ளே எனக்கு முன்பிருந்த மேலாளரின் டைரி. முதல் பக்கத்தில் தன் பெயரை அழகாக எழுதியிருக்கிறார். அதன் பிறகு ஒரு வரிகூட இல்லை. பூங்காவையும் அப்படித்தான் வைத்திருந்தார். அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். ம. தமயந்தி, மேலாளர், ஜெபமொட்டை இயற்கைப் பூங்கா.

பெரிய மலையெல்லாம் இல்லை. அடிவாரத்திலிருந்து ஒன்றேகால் மணி நேர ஏற்றம். ஐம்பத்தோரு வயதில் நான் ஐம்பது நிமிடத்தில் ஏறுகிறேன். உச்சியில் மரமே கிடையாது, பாறையும் இடுப்புயரப் புல்லும்தான், அதனால் மொட்டை. அங்கே கூரையில்லாத ஒரு கற்கூடமும் ஏழு கல்லறைகளும் இருக்கின்றன, அதனால் ஜெபம். சுற்றிலும் நூற்றிருபது ஏக்கர், பூங்காவை நடத்தும் அறக்கட்டளைக்குச் சொந்தம். ஆறு மாதத்தில் ஜனங்கள் வந்து பார்க்கும்படி ஆக்கிக் கொடுக்க வேண்டும். வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் இருபத்தாறு வருடம் முன்னூறு பேரை வேலை வாங்கியவளுக்கு இது ஒரு பெரிய காரியமில்லை.

மார்ச் 5, வியாழன்

காலையில் ஒரு குட்டி லாரி, பின்னால் வாழைத்தார்களோடு, அலுவலக வாசலை அடைத்து நின்றது. ஓட்டி வந்தது ஒரு பெண். நாற்பது இருக்கும். இறங்கி, சேலையை உதறி, நேரே உள்ளே வந்தாள்.

“தோத்திரம்... வணக்கம் மேடம். நான் எமிமா. வாழைக்காய் கமிஷன் கடை வச்சிருக்கேன். ஆறுதல்புரம் சபைக்குச் செயலர். பெரிய வெள்ளிக்கு மேல போறோம், சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்.”

“சொல்லிட்டா, கேட்டுட்டா?”

“எங்க முன்னோர் கெடக்க எடத்துக்குப் போறதுக்கு யார்ட்ட கேக்கணும்?”

ஆறுதல்புரம் அடிவாரத்துக் கிறிஸ்தவ ஊர். அவர்களுடைய முன்னோர்தான் மலையில் முதலில் குடியேறியவர்களாம். வருடா வருடம் பெரிய வெள்ளியன்று ஊரே ஏறுமாம். ஆளுக்கொரு குடம் தண்ணீர் சுமந்து போய்க் கல்லறைகளில் ஊற்றி, மெழுகுவத்தி ஏற்றி ஜெபம் பண்ணுவார்களாம்.

தண்ணீர் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றுங்கள், மெழுகுவத்தி கூடாது என்றேன். பங்குனிக் காய்ச்சலில் சுக்குநாறிப் புல் சும்மாவே எரியும், ஒரு பொறி போதும் என்றேன். அரை மணி நேரம் வாதாடினாள். கடைசியில் கண்ணாடிக் கூண்டு போட்ட ஒரே ஒரு அரிக்கேன் விளக்கு, கூடத்துக்குள் மட்டும் என்று முடிந்தது. போகும்போது ஒரு சீப்பு கதலிப்பழத்தை மேசையில் வைத்தாள்.

“லஞ்சமா?” என்றேன்.

“பழம்” என்றாள்.

மார்ச் 11, புதன்

நாற்றங்காலுக்கு நிழல்வலை கட்டியாயிற்று. ஏறுபாதையில் மூன்றாவது வளைவுக்குக் கைப்பிடிக் கம்பி. கட்டாமை என்கிற நில ஆமை ஒன்று பழைய குழியில் விழுந்து கிடந்தது. தீக்காவலர் கருத்தப்பாண்டி எடுத்து விட்டார். இந்த மலையில் முப்பது வருடம் இருப்பவர். கேட்டால் ஒழியப் பேசமாட்டார், கேட்டாலும் பாதிதான் வரும். எனக்கு அப்படிப்பட்ட ஆட்களைப் பிடிக்கும்.

மார்ச் 14, சனி

உச்சியில் வைக்கப்போகும் வரலாற்றுப் பலகைக்கான வாசகத்தை அறக்கட்டளைச் செயலாளர் வெங்கடபதி சார் அனுப்பியிருந்தார். ‘வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் இங்கே தங்கி, ஜெபக்கூடம் நிறுவினார்’ என்று இரண்டே வரி.

எமிமாவைக் கூப்பிட்டு இது சரிதானா என்று கேட்டேன். மாலையில் சபைப் பதிவேட்டின் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்தாள். பழைய கையெழுத்து, புள்ளியும் இல்லை, இடைவெளியும் இல்லை. இருவரும் சேர்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தோம். வேதத்தில் சேர்ந்ததற்காக, அதாவது கிறிஸ்தவர்கள் ஆனதற்காக, பன்னிரண்டு குடும்பங்களுக்கு ஊர்க் கிணறு மறுக்கப்பட்டிருக்கிறது. ‘தண்ணீர் இல்லாதபடியினாலே’ 1849 ஆனி மாதம் அவர்கள் மலையேறியிருக்கிறார்கள். ராகேல் என்று ஞானஸ்நானம் பெற்ற பூவாயி என்ற விதவைதான் கூடத்துக்கு முதல் கல்லை வைத்தது. மேலேயும் தண்ணீர் கிடையாது. பாதி மலை இறங்கி ஓடையில் மொண்டு வரவேண்டும். நான்கு வருடம் அப்படி இருந்திருக்கிறார்கள். காய்ச்சலில் ஏழு பேர் போனபிறகு இறங்கி ஆறுதல்புரத்தை உண்டாக்கினார்கள். பாதிரியார் இரண்டு தடவை டோலியில் வந்து, சாப்பிட்டு, ஜெபித்து, இறங்கிப் போயிருக்கிறார்.

“டோலி தூக்கினது யாருன்னு போட்டிருக்கா?” என்று கேட்டேன்.

“அதுவும் எங்க ஆளுதான். பூவாயி மவன்” என்று சிரித்தாள். “அவ வழிதான் நாங்க.”

பலகையை நானே புதிதாக எழுதினேன். பூவாயி பெயர் முதல் வரியில். வெங்கடபதி சார் நீளம் என்றார். கல்லா தேயப்போகிறது, இருக்கட்டும் என்றேன்.

மார்ச் 20, வெள்ளி

இன்று கண்ணில் பட்ட மிளா மான்கள் ஒன்பது. பலகை வந்தது. எழுத்துப்பிழை இல்லை.

மார்ச் 24, செவ்வாய்

தீத்தடுப்புக் கோடு இன்னும் பாக்கி. புல் சரிவைச் சுற்றிப் பதினைந்தடி அகலத்துக்குப் புல்லை வெட்டி, காய்ந்ததும் எரித்து, வெறும் தரையாக்கிவிட்டால் வெளியிலிருந்து வரும் தீ அந்த இடத்தில் நின்றுவிடும். முந்தைய மேலாளர் தையிலேயே செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. மேற்குப் பக்கத்துக் கோட்டை இந்த மாதத்துக்குள் எரித்து முடிக்கச் சொன்னேன்.

கருத்தப்பாண்டி தலையைச் சொறிந்தார். “மாசிக்குள்ள முடிக்கணும்மா. பங்குனில தீ வைக்கப்படாது. இப்போதைக்கு வெட்டி மட்டும் போட்டுருவோம்.”

“வெட்டின புல்லு அங்கயே காஞ்சு கிடந்தா அது கோடு இல்லைங்க, திரி.”

“காத்து சொல்லிட்டு வராதும்மா.”

“நான் இருபத்தாறு வருசம் எரிச்சிருக்கேன்” என்றேன். அவர் சரி என்று போனார். வால்பாறையில் வருடத்தில் பாதி நாள் மழை என்பது அவருக்குத் தெரியுமோ என்னவோ. சொல்லவில்லை.

மார்ச் 30, திங்கள்

கோடு முடிந்தது. காற்றே இல்லாத நாளாகப் பார்த்து, காலை ஏழு மணிக்குத் தொடங்கினோம். நானும் கருத்தப்பாண்டியும் மூன்று ஆட்களும். எரிந்த இடம் முழுக்கத் தண்ணீர் தெளித்து, மிதித்து, மண் போட்டு வந்தோம். மேற்கு முனையில் பட்டுப்போன வேங்கைக் கட்டை ஒன்று புகைந்தது. இரண்டு குடம் ஊற்றச் சொன்னேன்.

மாலை நான்கு மணிக்கு வெங்கடபதி சார் நன்கொடையாளர் ஒருவரை அழைத்து வருவதாக இருந்தது. மூன்றரைக்கு நான் இறங்கிவிட்டேன். கரிபிடித்த சட்டையோடு எப்படி நிற்பது? கருத்தப்பாண்டி இன்னும் ஒரு மணி நேரம் அங்கே கிடந்து பார்க்கவேண்டும் என்றார். நாற்காலி தூக்க ஆள் வேண்டியிருந்ததால் எல்லாரையும் வரச் சொல்லிவிட்டேன். நான் பார்த்தவரை புகை இல்லை.

வரவேற்பு நன்றாக நடந்தது. சுக்குநாறிப் புல் போட்ட தேநீரை இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

மார்ச் 31, செவ்வாய்

நன்கொடையாளருக்குக் கற்கூடம் மிகவும் பிடித்துவிட்டதாம். மேலே கண்ணாடிக் கூரை போட்டு, உள்ளே காபிக் கடை வைத்தால் சூரியன் மறைவதைப் பார்க்கக் கூட்டம் வரும் என்று சொல்கிறாராம். ஊர்க்காரர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்றேன். “பட்டா யார் பேர்ல இருக்கு, தமயந்தி?” என்றார் வெங்கடபதி சார்.

ஏப்ரல் 2, வியாழன்

மதியத்திலிருந்து மேற்கேயிருந்து பலத்த காற்று. நிழல்வலை கிழிந்துவிட்டது. நாளைக்குப் பெரிய வெள்ளி.

ஏப்ரல் 4, சனி

நேற்று எழுத முடியவில்லை. விரல்கள் மடங்கவில்லை.

காலை எட்டு மணிக்கு ஊர் ஏறத் தொடங்கியது. நூற்றைம்பது பேர் இருப்பார்கள். பித்தளைக் குடம், பிளாஸ்டிக் குடம், தூக்குச் சட்டி. அடிவாரத்தில் நின்று தீப்பெட்டி இருக்கிறதா என்று பைகளைப் பார்த்தேன்; யாரும் முகம் சுளிக்கவில்லை. எமிமா அரிக்கேன் விளக்கைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள். உச்சியில் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள். பாட்டு நடந்தது. ஜெபம் நடந்தது. நான் கூடத்தின் வாசலில் நின்றேன்.

பத்தே கால் இருக்கும். சாலமோன் என்ற பெரியவர், பழைய தபால்காரர், எழுபத்தாறு வயது, வேட்டி மடிப்பிலிருந்து ஒரு மெழுகுவத்தியையும் தீப்பெட்டியையும் எடுத்து ஒரு கல்லறையின் மேல் ஏற்றினார். நான் ஓடினேன். நான் போய்ச் சேருவதற்குள் காற்றே அணைத்துவிட்டது. திரியைக் கிள்ளி, மெழுகுவத்தியை என் பையில் போட்டுக்கொண்டு அவரைத் திட்டினேன். “என் தங்கச்சிக்கு நேந்துகிட்டதும்மா” என்றார்.

அதற்குப் பிறகு கால் மணி நேரம் கழித்து யாரோ கத்தினார்கள். மேற்குச் சரிவில் புகை. நான் திரும்பிப் பார்த்தபோது புகைக்கு அடியில் ஆளுயரத்துக்குச் சிவப்பு. காற்று அதை எங்களை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது.

எனக்குப் பயம் வரவில்லை. இதைப் பெருமைக்காக எழுதவில்லை. வேலை இருந்தது, அவ்வளவுதான். கிழக்குப் பக்கம் பாறை. கைக்குழந்தைக்காரிகளையும் வயதானவர்களையும் அங்கே அனுப்பச் சொன்னேன். என் குரலுக்கு யாரும் அசையவில்லை. எமிமா ஒரு கல்லறை மேட்டில் ஏறி நின்று, “ஏட்டி, புள்ளையளத் தூக்கிட்டுப் பாறைக்கு ஓடுங்க! ஆம்பளையெல்லாம் இங்கன வாங்க!” என்று கத்தினாள். ஊர் இரண்டாகப் பிரிந்தது.

கருத்தப்பாண்டி ஏறுபாதையில் கொஞ்சம் இறங்கி, பச்சைக் கொப்புகளை வெட்டிக் கொண்டுவந்து போட்டார். கூடத்துக்கும் தீக்கும் நடுவில் நடைபாதை ஓடுகிறது. அதன் ஓரத்துப் புல்லை நாங்களே பிடுங்கி அகலப்படுத்தினோம். தாண்டி வரும் பொறியை எல்லாம் கொப்பாலும் ஈரச் சாக்காலும் அடித்தோம். சாக்கை நனைக்க அவர்கள் சுமந்து வந்த தண்ணீர்தான் இருந்தது. ஒரு பெண் குடத்தைக் கட்டிக்கொண்டு தரமாட்டேன் என்று நின்றாள், அவள் இன்னும் கல்லறையில் ஊற்றவில்லை. எமிமா குடத்தைப் பிடுங்கிச் சாக்கில் கவிழ்த்தாள்.

மதியம் இரண்டு மணிக்குத் தீ நின்றது. பதினான்கு ஏக்கர் போயிற்று. பலகையின் கால் கருகிவிட்டது. கூடத்துக்கு ஒன்றுமில்லை. உயிர் யாருக்கும் போகவில்லை. சாலமோன் வெறுங்காலோடு சாம்பலுக்குள் நின்று அடித்திருக்கிறார். இரண்டு பாதமும் வெந்துவிட்டன. நான்கு பேர் கட்டிலில் வைத்து இறக்கினார்கள்.

அவர் கையில் கொப்பு கடைசிவரை இருந்தது.

ஏப்ரல் 5, ஞாயிறு

கீழே ஆறுதல்புரத்தில் ஈஸ்டர் மணி. கைக்கு மஞ்சள் பற்றுப் போட்டேன்.

ஏப்ரல் 6, திங்கள்

காவல் நிலையத்தில் வாக்குமூலம். கேட்டதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னேன். மெழுகுவத்தி ஏற்றினார்களா? ஒருவர் ஏற்றினார். அதற்கு அனுமதி இருந்ததா? இல்லை. முன்கூட்டியே எச்சரித்தீர்களா? எச்சரித்தேன். அதன் பிறகு தீ பிடித்ததா? ஆமாம், அதன் பிறகு.

வேறு ஒன்றும் கேட்கவில்லை. சொன்னது எல்லாம் உண்மை. எழுதியவருக்கு நல்ல கையெழுத்து.

ஏப்ரல் 8, புதன்

செய்தித்தாளில் வந்திருக்கிறது. ‘பக்தர்கள் ஏற்றிய மெழுகுவத்தியால் மலையில் தீ.’ எமிமா மேலும் சாலமோன் மேலும் வழக்கு. அவள் பெயருக்குப் பக்கத்தில் கடையின் பெயரும் போட்டிருக்கிறார்கள்.

வெங்கடபதி சார் பேசினார். நல்ல உற்சாகத்தில் இருந்தார். பதினெட்டாம் தேதி நிர்வாகக் குழுக் கூட்டமாம். இனிமேல் உச்சியில் வழிபாடே கூடாது என்று தீர்மானம். கண்ணாடிக் கூரை வேலையை வைகாசியில் தொடங்கலாமாம். “தானா வழி பிறந்துச்சு பார்த்தியா?”

எரிந்த சரிவை அளந்தேன். தீ நடந்த தடம் தரையில் தெளிவாகத் தெரிகிறது. கூடத்துப் பக்கம் அகலம். மேற்கே போகப்போகக் குறுகிக் குறுகி ஒரு முனையில் முடிகிறது. காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடித்தது. கல்லறை கிழக்கில். முனையில் என்ன இருக்கிறது என்று பார்க்க இன்று நேரமில்லை. இருட்டுவதற்குள் நாற்றங்காலுக்குத் தண்ணீர் விடவேண்டும்.

ஏப்ரல் 10, வெள்ளி

நிழல்வலை மாற்றினேன். தண்ணீர்த் தொட்டியை நானே இறங்கித் தேய்த்தேன். ஏறுபாதையில் இருநூற்றுப் பன்னிரண்டு படி இருக்கிறது, எண்ணி எழுதிவைத்தேன். கதவுக் கீல்களுக்கு எண்ணெய். கட்டாமை ஒன்று ஓடு கருகிக் கிடந்தது; உயிர் இருக்கிறது. பெட்டியில் வைத்துக் கீரை போட்டேன், தின்றது. சேமிப்பறைச் சாமான்களுக்குப் பட்டியல். பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்துவரை செய்ய ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

ஏப்ரல் 13, திங்கள்

எமிமா வந்தாள். லாரி இல்லை, பேருந்தில். நான் உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தாள். முன்பெல்லாம் சொல்வதற்கு முன்பே உட்காருவாள்.

“ரெண்டு வியாபாரி தாரு அனுப்பறத நிறுத்திட்டாவ. கேஸு முடியட்டும்ங்காவ. அது போவட்டும். சாலமோன் பெரியப்பா ஆசுபத்திரில கெடக்காவ. சோறு எறங்க மாட்டக்கு. நாந்தான் மலையக் கொளுத்திட்டேன், நாந்தான் கொளுத்திட்டேன்னு ஒரே பொலம்பல்.”

நான் தண்ணீர் கொடுத்தேன்.

“நீங்க மெழுகுவத்திய வாங்கிப் பையில போட்டிய. நான் பாத்தேன். அணைஞ்சு போனதத்தான வாங்குனிய? அது அணைஞ்சிருந்துச்சுன்னு மட்டும் ஒரு வரி எழுதித் தாங்க மேடம். அவருட்ட வாசிச்சுக் காட்டணும். எங்க கேசுக்குக் கேக்கல.”

எழுதித் தந்தேன். ‘நான் பார்த்தபோது மெழுகுவத்தி அணைந்திருந்தது.’ கையெழுத்து, முத்திரை. அவள் இரண்டு தடவை படித்து, மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

வாசலில் நின்று, “பொறவு எப்படித்தான் பிடிச்சுச்சோ” என்றாள். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. எரிந்த சரிவைப் பார்த்துக் கேட்டாள். நன்றி என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருடப்பிறப்பு. ஆட்களுக்கு விடுமுறை. கருத்தப்பாண்டி மட்டும் வீட்டிலிருந்து பாயசம் கொண்டுவந்தார்.

குடித்து முடித்த பிறகு, மேற்கு முனைக்குப் போய்வரலாமா என்றேன். அவர் எதற்கு என்று கேட்கவில்லை. முன்னால் நடந்தார்.

வேங்கைக் கட்டை இருந்த இடத்தில் கட்டை இல்லை. முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி. உள்ளே வெள்ளைச் சாம்பல். வேர்கள் போன வழியெல்லாம் எலிவளை மாதிரி ஓட்டைகள். ஒன்றில் கையை விட்டேன், தோள்வரை போயிற்று. நான்கு நாள் மண்ணுக்குள்ளேயே கனன்று, கோட்டுக்குக் கிழக்கே புல்லடியில் போய் எட்டிப் பார்த்திருக்கிறது. வியாழக்கிழமைக் காற்று மிச்சத்தைச் செய்துவிட்டது.

“எப்பப் பாத்தீங்க?” என்று கேட்டேன்.

“தீ நின்ன மறுநாளு, சனிக்கெழமையே.”

“ஏன் சொல்லலை?”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். “எனக்கு இன்னும் மூணு வருச வேலை கெடக்கும்மா. எம்மவளுக்குப் பேசி முடிச்சிருக்கு. என் வாயில இருந்து வராது. நீங்க சொன்னா, சொல்லுங்க. யாரும் எங்கிட்டக் கேட்டா, இல்லன்னு சொல்ல மாட்டேன்.”

இறங்கி வந்து பாயசப் பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 16, வியாழன்

இங்கே எழுதிவிட்டால் மற்ற இடத்தில் எழுதுவது சுலபம்.

கட்டையில் புகை இருந்தது. மூன்றரை மணிக்கு நான் இறங்கும்போதே இருந்தது. ‘நான் பார்த்தவரை புகை இல்லை’ என்று மேலே எழுதியிருக்கிறேன். புகை வாடை வந்தும் நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிற்கவேண்டியிருக்கும். கருத்தப்பாண்டி ஒரு மணி நேரம் கேட்டார். நான் அவரை நாற்காலி தூக்கக் கூப்பிட்டேன். பங்குனியில் வேண்டாம் என்று அவர் சொன்னதை நான் கேட்கவில்லை. தீயைப் பார்த்த அந்தக் கணமே, அது எங்கேயிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பயம் வரவில்லை. அடிக்கவேண்டும் என்ற வெறிதான் வந்தது.

காவல் நிலையத்துக்கு மூன்று பக்கம் எழுதினேன். கருத்தப்பாண்டியின் பெயரை, அவர் தடுத்தார், நான் மீறினேன் என்ற இடத்தில் மட்டும் போட்டேன். மெழுகுவத்தியையும் அதோடு இணைத்தேன். எரிந்த திரி அரை விரல்கூட இல்லை. காலை பதினொரு மணிக்கு நேரில் கொடுத்து, ரசீது வாங்கினேன். அதே எழுத்தர்தான். படித்துவிட்டு, “உங்களை யாரும் கேக்கலையே மேடம்?” என்றார்.

“கேக்காட்டியும் அன்னிக்கே சொல்லியிருக்கணும்” என்றேன்.

சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் பிறகு கொடுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு என்றால் என் கையிலிருந்து வாங்கிக் கிழித்துவிடுவார்கள் என்று பட்டது.

மாலையில் நன்றாகப் பசித்தது. நான்கு தோசை.

ஏப்ரல் 18, சனி

கூட்டத்தில் ஏழு பேர். தீர்மானத்தை வாசிக்கத் தொடங்கும்போது நான் எழுந்து கடிதத்தின் நகலை ஆளுக்கொன்றாக வைத்தேன். மின்விசிறிக்குப் பறக்காமல் இருக்க எல்லாரும் கையை வைத்துக்கொண்டே படித்தார்கள்.

வெங்கடபதி சார்தான் முதலில் வாயைத் திறந்தார். “இதை நடவடிக்கைக் குறிப்பில் ஏத்தவேண்டாம். தமயந்தி, நீ களைச்சுப் போயிருக்கே. ஒரு மாசம் லீவு எடுத்துக்கோ.”

“நிலையத்தில கொடுத்தாச்சுங்க சார். ரசீது கடைசிப் பக்கத்தில இருக்கு.”

அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இருபது வருடப் பழக்கம் எங்களுடையது. வால்பாறையிலிருந்து என்னை இங்கே கூட்டி வந்தவரே அவர்தான்.

“உன் வேலை போயிரும்னு தெரியுமில்ல?”

“தெரியும். மாசக் கடைசிவரை நாற்றங்காலைப் பார்த்துக்கிறேன். புதுசா வர்றவங்களுக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க: கருத்தப்பாண்டி வேண்டாம்னு சொன்னா, வேண்டாம்.”

தீர்மானத்தை ஒத்திவைத்தார்கள். குழுவில் இருந்த ஒரு டாக்டர், கண்ணாடிக் கூரையை இனிமேல் எந்த முகத்தோடு போடுவது என்று கேட்டார்.  பெரிய வெள்ளியன்று ஏறும் உரிமையைச் சபைக்கு எழுத்தில் கொடுத்துவிடலாம் என்றும் அவரே சொன்னார். அது ஏகமனதாக நிறைவேறியது. வெங்கடபதி சாரும் கை தூக்கினார்.

ஏப்ரல் 20, திங்கள்

அவளிடம் நேரில் சொல்லவேண்டும் என்று கமிஷன் கடைக்கே போனேன். தார்களுக்கு நடுவில் நின்று யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அவனைப் போகச் சொன்னாள். நிலையத்திலிருந்து ஏற்கெனவே தகவல் போயிருந்தது. வழக்கைக் கைவிடப் போகிறார்களாம்.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். மன்னித்துவிடுங்கள் என்றும் சொன்னேன்.

எமிமா உட்காரச் சொல்லவில்லை.

“பதிமூணு நாளு” என்றாள். “பதிமூணு நாளு எம்பேரு ரோட்டுல கெடந்துச்சு. போன திங்கக்கெழம ஒங்க ஆபீசுக்கு வந்து ஒரு வரி எழுதித் தாங்கன்னு பிச்ச கேட்டேன். அப்பயும் தெரியும், இல்லியா?”

“தெரியும்.”

“தண்ணி குடுத்திய.”

“ஆமா.”

கடைக்கு வெளியே ஒரு மாடு வாழைத்தண்டை இழுத்துக்கொண்டு போனது. அவள் அதை விரட்டிவிட்டு வந்தாள். குரல் தணிந்திருந்தது, கோபம் தணியவில்லை.

“போலீசுக்குச் சொல்லிட்டிய, ஒங்க ஆளுவளுக்குச் சொல்லிட்டிய. எல்லாம் பேப்பர்ல. எங்க ஊர்ல பாதிப்பேருக்குப் பேப்பரு வாசிக்கத் தெரியாது. எங்க பெரியப்பா முன்னால எவனெவனோ கிழவன் கொளுத்திட்டாம்னு பேசிட்டுப் போயிருக்கான். ஞாயித்துக்கெழம ஆராதனைக்கு வாங்க. ஊரு முன்னால ஒங்க வாயால சொல்லுங்க.”

“வர்றேன்” என்றேன்.

“பொறவு நான் மன்னிக்கணுமா வேண்டாமான்னு யோசிக்கேன்.”

நியாயம்தான். பேருந்து வர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

ஏப்ரல் 23, வியாழன்

எரிந்த சரிவில் புல் முளை. கட்டாமையை விட்டேன். சாமான்களைக் கட்ட இரண்டு பெட்டி போதும்.

ஏப்ரல் 26, ஞாயிறு

வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு போனேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் பெண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். எப்போது எழுந்திருப்பது, எப்போது உட்காருவது என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடித்து இடித்துச் சொன்னாள். அன்றைக்குக் குடத்தைத் தரமாட்டேன் என்று நின்றவள் அவள்தான்.

கோயில் நிறைந்திருந்தது. வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியிலும் ஆட்கள். பின்னால் சுவரோரம் ஒரு சக்கர நாற்காலியில் சாலமோன், இரண்டு பாதங்களிலும் கட்டு. வெள்ளிக்கிழமைதான் ஆசுபத்திரியிலிருந்து கூட்டி வந்தார்களாம்.

அறிவிப்புகளை எமிமா வாசித்தாள். கல்யாண ஓலை ஒன்று, வேதபாட வகுப்பு, கிணற்று மோட்டார் பழுது. கடைசியில், “பூங்கா மேனேஜர் தமயந்தி அம்மா சபைக்கு ஒரு காரியம் சொல்லணும்ங்காவ” என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

முன்னால் போய் நின்றேன். எழுதி எடுத்துப்போன தாள் பையிலேயே இருந்தது. மலையில் பிடித்த தீ நான் வைத்த தீ என்றேன். வேண்டாம் என்று சொன்னவர் பேச்சைக் கேட்காமல் வைத்தேன், சரியாக அணைக்காமல் இறங்கினேன் என்றேன். தெரிந்தும் பதிமூன்று நாள் உங்கள் மேல் பழியை இருக்கவிட்டேன் என்றேன். சாலமோன் ஐயாவின் மெழுகுவத்தி ஒன்றையும் எரிக்கவில்லை, அவர் கால் வெந்தது என்னால் என்றேன்.

 யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று நின்றேன்.

பின்னாலிருந்து சாலமோன் கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, “பொறத்தால கேக்கலத்தா. சத்தமாச் சொல்லு” என்றார்.

சிலர் திரும்பி அவரைப் பார்த்தார்கள். எமிமா என்னைப் பார்த்தாள்.

மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, முதல் வார்த்தையிலிருந்து திரும்பவும் சொன்னேன். வேப்பமரத்தடியில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தார்கள்.